மைமூனின் நாற்பத்திரண்டு முடிக்கற்றைகள்

பஹ்மிதாவின் வீட்டுக்கு நான் போனது, அவளுக்கு இரண்டாவது முறை மருந்து ஏற்றிய மறுநாள். ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, வீடுகளில் நோயாளரைப் பராமரிக்கும் பயிற்சியையும் முடித்திருந்தேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் அவளுடைய கூடப்பிறந்த காக்கா நளீம் என்னைத் தேடி வந்தார். தங்கைக்கு நாற்பத்தொரு வயது, மார்பில் புற்றுநோய், பிள்ளைகள் இல்லை, வீட்டில் வேறு பெண்கள் இல்லை என்றார். என்ன தொழில் செய்கிறாள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "தையல்" என்றார்.

தையல் இல்லை. அறைக் கதவைத் திறந்ததும் கூரைச் சலாகையில் முப்பது நாற்பது பொம்மைகள் தொங்கின. தாடி வைத்த மீன்காரன், கறுப்புக் கண்ணாடி போட்ட நுளம்பு, மூக்கு நீண்ட பல் வைத்தியர் ஒருவர். அவற்றுக்குக் கீழே கட்டிலில் ஒரு மெலிந்த பெண் தலையில் துணி கட்டிக்கொண்டு இருந்தாள்.

"மாமி, பொம்மைக்குப் பயமா உங்களுக்கு?" என்றாள்.

"நான் செத்த ஆக்கள்ட மையித்துக் குளிப்பாட்டுறவள் புள்ள. அதுகளாவது எழும்பிக் கதைக்காது. உன்ட பொம்மை கதைக்குமாமே."

"கதைக்கும். ஆனா என்னைவிடக் கொறவாத்தான்."

அது உண்மை என்று இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன்.

மருதமுனையில் கைத்தறி நெய்தவரின் மகள் அவள். மிதியை மிதித்தால் நூல்கள் பாதி மேலே போய்ப் பாதி கீழே வருவதைப் பார்த்து வளர்ந்தவள். ஒரு கயிற்றை இழுத்தால் எந்த மூலையில் எது அசையும் என்பது சிறுவயதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டதாகச் சொன்னாள். கடல் வந்த வருடம் உம்மாவும் வீடும் போய், வாப்பாவோடும் நளீமோடும் ஒரு பாடசாலையில் முகாமில் இருந்தார்கள். அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்ட ஒரு நாடகக் குழு வந்தது. ஆட்டத்தின் நடுவில் காகப் பொம்மையின் சொண்டு உடைந்து தொங்கியது. பஹ்மிதா தன் காலில் கிடந்த றப்பர்ச் செருப்பின் வாரை அறுத்து, ஊசியும் நூலும் கேட்டு வாங்கி, சொண்டைப் பிணைத்துக் கொடுத்தாள். காகம் முன்பு இருந்ததைவிட நன்றாக வாய் திறந்தது. குழுவில் இருந்த சுஹறா அன்றைக்கே அவளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சுஹறா பெண்களை வைத்துச் சொந்தமாக ஒரு குழு தொடங்கியபோது, பொம்மைகள் முழுவதும் பஹ்மிதாவின் பொறுப்பாயின.

றெஜிபோம் நுரைக்கட்டியில் தலையைச் செதுக்கி, கோதுமை மாப் பசையில் பத்திரிகைத் துண்டுகளை ஊறவைத்து ஏழு அடுக்கு ஒட்டுவாள். கரப்பான் தின்னாதிருக்கப் பசையில் துரிசு கலப்பாள். கைகளை ஆட்டுவதற்குப் பழைய குடைக் கம்பி. உடுப்புக்குத் தறியில் மிஞ்சிய துண்டுகள். ஆட்டம் நடக்கும்போது திரைக்குப் பின்னால் ஊசியும் நூலுமாகக் குந்தியிருப்பாள். கதையைக் கேட்கவே மாட்டாளாம், மூட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாளாம். இருபத்தொன்பது வயதில் ஒரு கலியாணம் நடந்து, இரண்டு வருடத்தில் முடிந்தது. அதைப் பற்றி அவள் அதிகம் கதைத்ததில்லை. நானும் கேட்கவில்லை.

நளீம் நல்ல மனிதர். ஆனால் உருவங்கள் உள்ள அறையில் அவர் தொழ மாட்டார், உட்காரவும் விருப்பமில்லை. அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பஹ்மிதா கட்டிலில் இருந்தபடியே ஒரு கயிற்றை இழுப்பாள். மேலேயிருந்து பழைய பெட்ஷீட் ஒன்று இறங்கிப் பொம்மைகளை மூடும். அதையும் அவளே செய்து வைத்திருந்தாள். அவர் வந்து உட்கார்ந்து, பழம் கொடுத்து, சுகம் விசாரித்துவிட்டுப் போவார். அந்தச் சீலைக்குப் பின்னால் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நோய்க் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பஞ்சுக்குள் ஒரு அரிசிமணி கிடந்தாலும் கண்டுபிடித்துவிடும் விரல்கள் அவளுடையவை. குளிக்கும்போது கட்டி தட்டுப்பட்ட அன்றே அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாருக்கும் சொல்லவில்லை. நோன்பு முடியட்டும் என்று இருந்தாள். பாடசாலை நாடகம் முடியட்டும் என்று இருந்தாள். பார்ப்பவர் ஆண் வைத்தியராக இருந்தால் என்ன செய்வது என்று கூச்சம். பதினொரு மாதம் போயிற்று. மட்டக்களப்புக் கிளினிக்குக்குப் போனபோது அது கக்கத்துக்கும் பரவியிருந்தது.

"ஊரூராப் போய்ப் பல்லுத் தீட்டுங்க, டெங்கு நுளம்பைக் கொல்லுங்க எண்டு நாடகம் போட்ட ஆள் நான், மாமி. என்ட உடம்பை நானே ஒளிச்சி வெச்சன்" என்றாள் ஒருநாள், வாந்திக்கு ஏந்திய கிண்ணத்தை என்னிடம் நீட்டிக்கொண்டே.

அதனால்தான் அவளுக்கு அந்த நாடகம் வேண்டியிருந்தது. சுஹறாவிடம் தானே கேட்டு எழுத வைத்தாள். பெண்களுக்கு மட்டும் காட்டும் நாடகம். மைமூன் என்ற பொம்மை தன் கட்டியை மறைத்து வைக்கிறாள், தாமதமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், மருந்து ஏற்றுகிறார்கள், எல்லோரும் பார்க்கத் தலைமுடி கற்றை கற்றையாக விழுகிறது. மொட்டைத் தலையோடு சபையைப் பார்த்து அவள் ஒரு வசனம் சொல்ல வேண்டும்: "பதினொரு மாசம் ஒளிச்சி வெச்சன். இப்ப ஒளிக்க ஒண்டுமில்ல. நீங்க நாளைக்கே போங்க." அந்த வசனம் மட்டும் பஹ்மிதா எழுதியது.

"இத ஒரு பொம்பிளை மேடையில ஏறிச் சொன்னா நம்மட ஆக்கள் எழும்பிப் போயிருவாங்க. பொம்மை சொன்னா இரிந்து கேப்பாங்க" என்றாள்.

நான் போனபோது மைமூனின் உடல் முடிந்திருந்தது. தலை மொட்டையாக இருந்தது. உச்சியில் நாற்பத்திரண்டு சிறு ஓட்டைகள். ஒவ்வொரு கற்றையின் அடியிலும் ஒரு வளையம் இருக்கும். அது ஓட்டைக்குள் நுழையும். உள்ளே, தூண்டிலுக்குப் போடும் ஒரே தங்கூசி நூல் எல்லா வளையங்களையும் கோர்த்துப் பிடித்திருக்கும். ஆட்டுபவர் நூலை மெல்ல இழுத்தால் கற்றைகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுபட வேண்டும். இதை அவள் எந்தக் கடதாசியிலும் வரையவில்லை. மனதுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"முடி எங்க?" என்று கேட்டேன்.

"பொறகு வரும்" என்றாள். நான் கடையில் வாங்குவாள் என்று நினைத்தேன்.

மருந்து ஏற்றுவது இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை. முதல் வாரம் வாந்தியும் சோர்வும். இரண்டாம் வாரம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், காய்ச்சல் வந்தால் ஆபத்து. மூன்றாவது வாரத்தில்தான் ஏழெட்டு நாள் எழும்பி வேலை செய்யலாம். மூன்றாவது மருந்துக்காகச் சுஹறா அவளை மட்டக்களப்புக்குக் கூட்டிப்போன அன்று, நான் அறையைத் துப்புரவாக்கினேன். கட்டிலுக்குக் கீழே ஒரு ஷொப்பிங் பேக் இருந்தது. அதற்குள் பத்திரிகையில் சுற்றிய நீளமான கூந்தல், இரண்டு நுனியிலும் நூல் கட்டியிருந்தது.

எனக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் முடியும் நகமும் மண்ணுக்குள் போக வேண்டியவை. எத்தனையோ நோயாளருடையதை நான் அடக்கியிருக்கிறேன். இவளுக்கு உடம்பு முடியாமல், நளீமிடம் சொல்லக் கூச்சப்பட்டு, கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். பொலித்தீனையும் பத்திரிகையையும் கழற்றிவிட்டு, குசினிக்குப் பின்னால் மதிலோரமாக ஒரு முழம் தோண்டி, பிஸ்மில்லாஹ் சொல்லி அடக்கினேன். அவளிடம் சொல்லவில்லை. முடி போன பெண்ணிடம் முடியைப் பற்றிக் கதைப்பது நல்லதல்ல என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்.

மூன்றாவது வாரம் வந்தது. காலையில் அவள் தானாக எழும்பி, சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து, மைமூனின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமி, கட்டிலுக்குக் கீழ ஒரு ஷொப்பிங் பேக் இரிக்கி. எடுங்களன்."

"எந்த பேக்?"

"பேப்பர்ல சுத்தின முடி. என்ட முடி."

"அத அடக்கிட்டனே புள்ள."

"எத?"

"முடிய. குசினிக்குப் பொறகால, மதிலோட. பிஸ்மில்லாச் சொல்லித்தான் அடக்கின."

மைமூனின் தலையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு இருமலாகி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"ஆள் இன்னும் மௌத்தாகல்ல மாமி. அதுக்குள்ள பகுதி பகுதியா அடக்கத் தொடங்கிட்டீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள். மருந்து தொடங்க முதல் தானே வெட்டியது, மைமூனுக்காக வைத்தது என்று அப்போதுதான் சொன்னாள். கம்பளி நூல் உடுப்பில் ஒட்டிக்கொள்ளும், நைலோன் முடி விறைத்து நிற்கும், தலைமுடி ஒன்றுதான் வழுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் விழும். முதலே சொன்னால் நான் விடமாட்டேன், நளீம் காதுக்கும் போகும் என்று மறைத்திருக்கிறாள்.

"அப்ப வேற ஆர்ட முடியாவது எடுப்பம்" என்றேன்.

"ஆர் தருவா? நம்மட ஆக்கள் தந்தாலும் ஊட்டுக்காரர் விடமாட்டார். உசாந்தினி தாறன் எண்டவள். அவட முடி சுருட்டை, ஒண்டோட ஒண்டு கொளுவும்." உசாந்தினி குழுவில் பொம்மை ஆட்டுபவள். "தோண்டுங்க மாமி."

"மண்ணுக்குக் குடுத்தத எடுக்கிறயா?"

"மண்ணு கேக்கல்லயே. நீங்கதானே குடுத்த."

அந்தக் கிழமை முழுவதும் மழை. பின்வளவில் கணுக்கால் வரை தண்ணீர். மலசலகூடக் குழி நிரம்பி, அந்தத் தண்ணீரும் இதோடு கலந்திருந்தது. மண்வெட்டியால் முதலில் ஓர் இடத்தில் தோண்டினேன், இல்லை. இரண்டாவது இடத்தில் கையை விட்டதும் தட்டுப்பட்டது. முடி பழுதாகவில்லை, இரண்டு கிழமையில் பழுதாகாது. ஆனால் சேறும் வேரும் சிக்கி நாற்றமடித்தது. காய்ச்சல் வந்தால் பிழைக்க மாட்டாத ஒருத்தியின் மடியில் இதைக் கொண்டுபோய் வைப்பதா என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே மறுபடியும் குழிக்குள் போட்டு, முன்னதைவிட ஆழமாக மூடினேன். கை கால் கழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

"கெடைக்கல்ல புள்ள. வெள்ளம் கொண்டு போயிட்டு" என்றேன்.

"சரி" என்றாள்.

சுஹறா மருதமுனையிலிருந்து கறுப்புச் சாயம் போட்ட தறிநூல் கொண்டுவந்தாள். பஹ்மிதா அந்த ஏழு நாளும் அதோடு போராடினாள். நூலைச் சீவி, மெழுகுதிரியில் தேய்த்து வழுக்க வைத்து, நாற்பத்திரண்டு கற்றைகளையும் கட்டினாள். தங்கூசியை இழுத்தபோது மூன்று விழுந்தன. மிச்சம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. பிறகு வலைக்காரர் பாவிக்கும் சின்ன ஈயக்குண்டுகளை நுனியில் கட்டிப் பார்த்தாள். எல்லாம் விழுந்தன, தட்டுத் தட்டென்று பலகையில் மோதிக்கொண்டு.

"இது முடி கொட்டுறதா, தென்னையில குரும்பட்டி விழுறதா?" என்றாள் சுஹறா.

"குரும்பட்டி எண்டா ஒங்கட தலையிலதான் விழணும்" என்றாள் பஹ்மிதா. ஆனால் குண்டுகளை வெட்டி எறியும்போது முகம் மாறிவிட்டது. கற்றைகளின் வளையங்களை வலைத்துண்டு ஒன்றின் கண்களால் விட்டு, வலையை உச்சியில் ஒட்டி, தங்கூசியை மறுபடி கோர்த்தாள். அடுத்த முறை சரிப்படுத்துவேன் என்றாள்.

அடுத்த முறை வரவில்லை. நான்காவது மருந்துக்குப் பிறகு விரல் நுனிகள் மரத்துவிட்டன. ஊசியைப் பிடித்திருப்பதே அவளுக்குத் தெரியாமல் விரலில் இரத்தம் வந்தது. தைப்பொங்கல் லீவு முடிந்து கிளினிக்குக்குப் போனபோது, ஈரலுக்கும் போய்விட்டது, இனி மருந்து ஏற்றிப் பயனில்லை என்றார்கள். நளீம் வெளியே நின்று அழுதார். அவள் அழவில்லை. நாடகம் எப்போது என்று சுஹறாவிடம் கேட்டாள். மார்ச் மாதம் என்றாள் சுஹறா. முந்திப் போட முடியாதா என்று கேட்டாள். மண்டபம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் பகல், அவளைத் திருப்பிப் படுக்க வைத்து முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். சொல்லாமல் வைத்திருந்தது எனக்குப் பாரமாக இருந்தது.

"முடி கெடச்சது புள்ள" என்றேன். "பொய் சொல்லிட்டன்."

"எங்க இப்ப?" என்றாள், திரும்பாமலே.

"திரும்ப அடக்கிட்டன். கக்கூசுத் தண்ணி கலந்திருந்திச்சி. ஒனக்குக் காய்ச்சல் வந்திடும் எண்டு பயந்து."

மரத்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தாள். பிறகு, "பிளீச்சிங் பவுடர்ல ஊறப் போட்டுக் கழுவியிருக்கலாமே மாமி" என்றாள். "எனக்கு விரல் இரிந்த நேரம்."

கழுவியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் அதைவிட மோசமானதையெல்லாம் முப்பத்தொரு வருடம் பிளீச்சிங் பவுடரில் போட்டுக் கழுவியவள் நான். அரை மணித்தியால வேலை. அது எனக்கு அன்றைக்கு நினைவில் வராமல் இல்லை. அடக்கியதை எடுத்துப் பொம்மைக்கு வைப்பது என் மனதுக்கு ஒப்பவில்லை, கிருமி என்ற காரணம் கையில் கிடைத்தது, பிடித்துக்கொண்டேன். அதை அவளிடம் சொன்னேன். "ம்" என்றாள். அதன் பிறகும் என் கையால் சாப்பிட்டாள், என்னோடு கதைத்தாள். நாடகத்தைப் பற்றி மட்டும் என்னிடம் கதைக்கவில்லை.

பெப்ரவரி பத்தொன்பதாம் தேதி, பகல் லுஹர் பாங்குக்குப் பிறகு மௌத்தானாள். நானும் சுஹறாவும்தான் குளிப்பாட்டினோம். பெண் மையித்துக்குத் தலைமுடியை மூன்றாகப் பின்னி விடுவது வழக்கம். அந்த வேலை இருக்கவில்லை. சுஹறா கையில் எடுத்த சீப்பை வைத்துவிட்டுத் தண்ணீர் வார்த்தாள்.

மார்ச்சில் சாய்ந்தமருதில் ஒரு மண்டபத்தில் மைமூன் நாடகம் நடந்தது. நூற்றிருபது பெண்கள் வரை வந்திருந்தார்கள். நானும் பின் வரிசையில் இருந்தேன். ஆரம்பம் நன்றாகப் போனது. மைமூன் குளிக்கும் இடத்தில் கட்டியைத் தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டபோது யாரும் எழும்பிப் போகவில்லை. பக்கத்தில் இருந்த ஒருத்தி வாயில் சீலையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பஹ்மிதா சொன்னது சரிதான்.

முடி விழும் கட்டம் வந்தது. உசாந்தினி தங்கூசியை இழுத்தாள். இரண்டு கற்றைகள் விழுந்தன. மற்றவை சிக்கிக்கொண்டன. அவள் மெல்ல அசைத்துப் பார்த்தாள். பிறகு பலமாக இழுத்தாள். வலையோடு முழுக் கூந்தலும் கிழிந்து, ஒரு கறுப்புக் கோழி மாதிரி மேடையில் பொத்தென்று விழுந்தது. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபம் முழுவதும் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, அப்படி விழுந்தால் யாருக்கும் சிரிப்பு வரும். மைமூனுக்குக் குரல் கொடுத்த சுஹறா அந்த வசனத்தைச் சொன்னாள். பின் வரிசையில் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் சுஹறாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கிட்ட சொல்லியிருந்தா நான் கழுவித் தந்திருப்பனே மாமி" என்றாள் அவளும். கிழிந்த வலையைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கூசி எந்த ஓட்டையால் போய் எந்த ஓட்டையால் வருகிறது என்று மூவரும் பார்த்தோம். உசாந்தினி தலைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். நாற்பத்திரண்டையும் எந்த ஒழுங்கில் கோர்த்தாள் என்று எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை.

அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். முடி விழாமல் அந்த வசனத்துக்கு இடமில்லை என்பதால் அதுவும் போனது. அக்கரைப்பற்று, பொத்துவில் என்று இதுவரை ஒன்பது ஊர்களில் போட்டிருக்கிறார்கள். மைமூன் இப்போது முக்காடு போட்டுக்கொண்டு வருகிறாள். கட்டியைக் கண்டுபிடிக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், கிளினிக் நடக்கும் நாள்களைச் சொல்லி முடிக்கிறாள். பெண்கள் கேட்டுவிட்டு எழும்பிப் போகிறார்கள். அவள் எத்தனை மாதம் மறைத்து வைத்தாள் என்று நாடகத்தில் யாரும் சொல்வதில்லை.